இரட்டை எஞ்சினின் நடுக்கம்

தீவுகளுக்கு வைத்தியம் கொண்டுபோகும் கப்பல் ஒன்று இருந்தது. பெயர் கடல்மங்கை. ஆஸ்பத்திரி இல்லாத தீவுகளின் முன்னால் போய் நங்கூரம் போடும். அதில் பல் பிடுங்குவார்கள், கண் பார்ப்பார்கள், பிரசவமும் பார்ப்பார்கள். நடுத்தளத்தில் ஓர் ஆபரேஷன் தியேட்டர்கூட இருந்தது.

ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தியேட்டரில் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. கப்பல் நடுங்கும்.

ஒரே மாதிரி நடுங்கினால் பழகிப்போயிருக்கும். இது வந்து வந்து போகும் நடுக்கம். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு தரை லேசாக அதிரும். அதிர்வு வளர்ந்து அலமாரிக் கதவுகள் படபடக்கும். வந்த மாதிரியே தேய்ந்து அடங்கிவிடும். இனி வராது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும்.

கப்பலுக்கு இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எஞ்சினியர். இடது எஞ்சின் பொன்னுலிங்கத்தின் பொறுப்பு. வலது எஞ்சின் சிவசைலத்தின் பொறுப்பு. இருவருக்கும் மேலே சீஃப் எஞ்சினியர் ஜெசிந்தா மச்சாது. தூத்துக்குடிக்காரர். மூவரிலும் வயதில் சிறியவர் அவர்தான்.

ஜெசிந்தா கப்பலுக்கு வந்த புதிதில் பொன்னுலிங்கம் ஒதுங்கியே இருந்தார். ஒருநாள் ஒரு பம்ப் ஓயாமல் சூடேறியது. பொன்னுலிங்கம் பம்பைக் கழற்றி மாட்டினார். திரும்பவும் கழற்றினார். ஜெசிந்தா வந்து சற்று நேரம் நின்றார். பம்பைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரோ சாக்குப் பை போட்டு மூடியிருந்த காற்றுக்குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். பம்ப் ஆறிப்போனது.

அன்று மாலை பொன்னுலிங்கம் அவர் முன்னால் போய் நின்றார்.

“எனக்குச் சொல்லித் தாங்க, சீஃப்.”

“என்ன?”

“நீங்க பார்க்குற மாதிரி பார்க்குறதுக்கு.”

“அதைச் சொல்லித் தர முடியாது, அண்ணாச்சி. கூட இருங்க.”

அன்றிலிருந்து பொன்னுலிங்கம் கூட இருந்தார்.

சிவசைலத்துடன் மட்டும் அவர் பேசுவதில்லை. முன்பு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பொன்னுலிங்கத்தின் மகள் வடிவைச் சிவசைலத்தின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மண்டபம் பேசி, புடவை எடுத்து, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கல்யாணம் நெருங்கும்போது பையன் வேண்டாம் என்றுவிட்டான். அதைச் சொல்லச் சிவசைலம் நேரில் வரவில்லை. வேறொருவரைப் போன் பண்ணச் சொல்லிவிட்டார். வடிவு அதற்குப் பிறகு ஒரு விசேஷ வீட்டுக்கும் போவதில்லை.

கம்பெனி இருவரையும் மறுபடி ஒரே கப்பலில் போட்டது. பேச வேண்டியதை ஜெசிந்தா மூலம் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் நடுக்கம் வந்து போனதும் பொன்னுலிங்கம் ஜெசிந்தாவிடம் கேட்டார்.

“இதுல எந்த எஞ்சின் மேல தப்பு, சீஃப்?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“வலது எஞ்சின்தான். என் எஞ்சினை நான் பிரிச்சுப் பார்த்துட்டேன். ஒரு குறை இல்லை.”

“சிவசைலம் அண்ணாச்சியும் பிரிச்சுப் பார்த்தாரு. அவரும் இதையேதான் சொன்னாரு.”

கடல் தட்டையாகக் கிடந்தது. ஜெசிந்தா கேப்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு அறையில் ஒரு தட்டை வைத்து, அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். பொன்னுலிங்கத்தை அதன் எதிரில் உட்கார வைத்தார்.

வலது எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இடது எஞ்சின் மட்டும் ஓடியது. தண்ணீரில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு இடது எஞ்சினை நிறுத்தி, வலதை ஓட்டச் சொன்னார். அதே சுருக்கங்கள். அதே அளவு.

பிறகு இரண்டும் ஓடின. சுருக்கங்கள் பெருத்தன. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேஜையில் வழிந்தது. அப்புறம் சிறுத்துச் சிறுத்து, ஒரு கணம் தட்டில் கண்ணாடி மாதிரி நின்றது. மறுபடி பெருத்தது.

“தப்பு எதுல, அண்ணாச்சி?”

பொன்னுலிங்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நடுவுல ஒருதரம் சுத்தமா நின்னுதே.”

“ஆமா. நின்னுது.”

“ரெண்டு வேகமும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு. அதான் வந்து வந்து போகுது. ரெண்டையும் ஒண்ணுபோல ஓட்டிட்டா?”

“ஓட்டிப் பாருங்க” என்றார் ஜெசிந்தா.

கன்ட்ரோல் ரூமில் இரண்டு குமிழ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. திருகினால் எஞ்சினின் வேகம் கூடும், குறையும். அவற்றின் மேலே ஜெசிந்தா முன்பே இரண்டு சிறிய விளக்குகளைப் பொருத்தியிருந்தார். இடது எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னும். வலது எஞ்சினுக்குப் பச்சை. எதற்காக என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சிவசைலம் சாப்பிடப் போயிருந்த நேரம். பொன்னுலிங்கம் விளக்குகளைப் பார்த்தார். பச்சை முன்னால் போய்க்கொண்டிருந்தது. தன் குமிழை மயிரிழை திருப்பினார். சிவப்பு நெருங்கியது. இன்னொரு மயிரிழை. கடைசியில் இரண்டும் சேர்ந்தே மின்னின, சேர்ந்தே அணைந்தன. ஒரே கண் இமைப்பது போல இருந்தது.

பொன்னுலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது தரை அதிரத் தொடங்கியது. வளர்ந்தது. அடங்கும் என்று காத்திருந்தார். அடங்கவில்லை. மேஜை மேலிருந்த கோப்பை நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்து உடைந்தது. மேல்தளத்தில் யாரோ கத்தினார்கள். கப்பலின் டாக்டர் ரெஹானா போன் பண்ணி, மருந்து அலமாரி முழுக்கத் தரையில் கிடக்கிறது என்றார்.

ஜெசிந்தா வந்தார். விளக்குகளைப் பார்த்தார்.

“ரொம்ப அழகா சேர்ந்து எரியுது.”

“ஒண்ணாத்தான் ஓடுது, சீஃப். ஒரு துளி வித்தியாசம் இல்லை.”

“அதனாலதான். ரெண்டும் ஒரே நேரத்துல மேல தூக்குது. ஒரே நேரத்துல கீழ அமுக்குது.”

அவர் பொன்னுலிங்கத்தின் குமிழைச் சற்றே தளர்த்தினார். சிவப்பு மெதுவாகப் பின்தங்கியது. பச்சை அணைந்த பிறகு சிவப்பு மின்னும் இடம் வந்தபோது, குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டார். பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு. மாறி மாறி மின்னின.

தரை அடங்கியது. எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும்படி அடங்கியது.

பொன்னுலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்துகொண்டு சிவசைலம் வந்தார். வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். தன் எஞ்சின் சற்றுக் குறைந்திருப்பதாகத் தோன்றியது. குமிழைத் திருப்பினார். பச்சை நகர்ந்தது. நடுக்கம் திரும்பி வந்தது.

“தொட்டுட்டாரு! பாருங்க, தொட்டுட்டாரு!”

“அவரு எஞ்சின். தொடுவாரு.”

“தொடாம இருக்கச் சொல்லுங்க, சீஃப்.”

“பக்கத்துலதானே நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்க.”

பொன்னுலிங்கம் சொல்லவில்லை. சிவசைலமும் திரும்பவில்லை. உடைந்த கோப்பையை ஜெசிந்தாதான் பொறுக்கினார்.

சில வாரங்கள் கழித்து, மழைக்காலம் தொடங்கும் சமயம், கப்பல் கடைசித் தீவை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மதியம் ஒரு மீன்பிடிப் படகிலிருந்து அழைப்பு வந்தது. வலை இழுக்கும் விஞ்சின் கம்பி அறுந்து, சவரிமுத்து என்பவரின் தலையில் அடித்துவிட்டது. அவரைக் கப்பலுக்கு ஏற்றினார்கள். கூட அண்ணன் அமலதாஸ் ஏறினார்.

ஏறும்போது சவரிமுத்து பேசினார். தியேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் பேச்சு குழறியது. ஒரு கண்ணின் பாவை விரிந்துகொண்டே வந்தது.

டாக்டர் ரெஹானா கேப்டனிடம் வந்தார்.

“மண்டைக்குள்ள ரத்தம் கட்டுது. துளை போட்டு வெளிய எடுக்கணும். கப்பலை நிறுத்துங்க.”

கேப்டன் நிறுத்தினார். கடல் அன்று தட்டையாக இல்லை. ஓட்டம் நின்றதும் கப்பல் அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. தியேட்டரில் தட்டுகள் சறுக்கின. கட்டிலில் சவரிமுத்துவை இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஓட்டிடுங்க, ஓட்டிடுங்க” என்றார் டாக்டர்.

அலைக்கு நேராக மூக்கை வைத்து மெதுவாக ஓட்டினார்கள். உருளல் நின்றது. நடுக்கம் வந்தது.

டாக்டர் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணினார்.

“மேடம், என் கையில இருக்கிறது டிரில். எலும்பு முடியுற இடத்துல நான் நிறுத்தணும். அதுக்குக் கீழ மூளை. இந்த நடுக்கத்துல என்னால முடியாது. அதிக நேரமும் இல்லை.”

“ஆகட்டும், டாக்டர். நான் சொல்லும்போது தொடங்குங்க” என்றார் ஜெசிந்தா.

பொன்னுலிங்கமும் சிவசைலமும் குமிழ்களின் முன்னால் நின்றார்கள். இருவருக்கும் விளக்குகளின் விஷயம் இப்போது தெரியும். இருவர் கையும் குமிழில் இருந்தது. சிவப்பு சற்று விலகினால் பொன்னுலிங்கம் திருத்தினார். அவர் திருத்துவதைப் பார்த்துச் சிவசைலம் தன்னுடையதைத் திருத்தினார். அதைச் சரிக்கட்டப் பொன்னுலிங்கம் மறுபடி திருப்பினார். விளக்குகள் நெருங்கின, விலகின, ஒன்றையொன்று தாண்டி ஓடின. நடுக்கம் முன்பைவிட அவசரமாக வந்து வந்து போனது.

“ஒருத்தர் கையை எடுத்துடணும். இன்னொருத்தர் அந்த எஞ்சின் பின்னாலயே போகணும்” என்றார் ஜெசிந்தா.

“அவரை எடுக்கச் சொல்லுங்க” என்றார் பொன்னுலிங்கம்.

“என் எஞ்சின் சீராத்தான் ஓடுது. அவரு எடுக்கட்டும்” என்றார் சிவசைலம்.

“நீங்களே சொல்லிடுங்க, சீஃப். யாருன்னு” என்றார் பொன்னுலிங்கம்.

“நான் சொன்னா கை மட்டும்தான் வெளிய வரும்.”

கன்ட்ரோல் ரூமின் கண்ணாடிக்கு வெளியே படிக்கட்டின் அடியில் அமலதாஸ் உட்கார்ந்திருந்தார். தம்பியை உள்ளே கொண்டுபோனதும் அங்கே நிற்கக் கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். எங்கே போவது என்று தெரியாமல் இறங்கி இறங்கி எஞ்சின்கள் இருக்கும் இடம்வரை வந்துவிட்டார். தம்பியின் செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

பொன்னுலிங்கம் அவரைப் பார்த்தார்.

“அண்ணாச்சி” என்றார் ஜெசிந்தா. “உங்க எஞ்சினுக்கு ஓடத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“அப்ப ஓட விடுங்க.”

பொன்னுலிங்கம் குமிழிலிருந்து கையை எடுத்தார். ஓரடி பின்னால் வந்து நின்றார்.

சிவப்பு அதன்பாட்டுக்கு மின்னியது. சிவசைலம் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தார். சிவப்பு அணைந்த இடத்தில் பச்சை. பச்சை அணைந்த இடத்தில் சிவப்பு.

தரை அடங்கியது.

ஜெசிந்தா போனை எடுத்தார். “தொடங்குங்க, டாக்டர்.”

பொன்னுலிங்கத்துக்குக் கையை எடுப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எடுத்த கையை வைத்துக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு பெரிய அலை கப்பலின் பின்பக்கத்தைத் தூக்கியபோது இடது எஞ்சின் ஒரு திமிறு திமிறியது. பொன்னுலிங்கத்தின் கை தானாகக் குமிழுக்குப் போனது. பாதியில் பிடித்து இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். அவருடைய எஞ்சின் தடுமாறுகிறது. அவருக்கு அதைச் சரிசெய்யத் தெரியும். செய்யாமல் நின்றார்.

சிவசைலம் பின்னாலேயே போனார். சிவப்பு ஓடினால் பச்சையை ஓட்டினார். தயங்கினால் தயங்க வைத்தார்.

மேலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

சிவசைலத்தின் நெற்றியில் வேர்வை பெருகி, புருவத்தில் தேங்கி, கண்ணில் இறங்கியது. அவர் கண்ணை இறுக்கி இறுக்கி விழித்தார். குமிழிலிருந்து கையை எடுக்க முடியாது. பச்சை ஒருமுறை மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும், விளக்கு சற்று நகர்ந்துவிட்டது.

பொன்னுலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எட்டி, சிவசைலத்தின் நெற்றியையும் கண்ணையும் துடைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. விளக்குகளையே பார்த்துக்கொண்டு துடைத்தார். துடைத்து முடித்ததும் கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார்.

பச்சை தன் இடத்துக்குத் திரும்பியது.

பிறகும் பொன்னுலிங்கம் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்தார்.

வெயில் சாய்ந்த பிறகு போன் அடித்தது. ஜெசிந்தா கேட்டுக்கொண்டார். கண்ணாடிக் கதவைத் திறந்து அமலதாஸிடம் போய், மேலே போகச் சொன்னார். அமலதாஸ் படியேறியபோது ஒரு செருப்பு கைநழுவி விழுந்தது. அதை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் ரெஹானா இறங்கி வந்தார். தலையில் இன்னும் துணித்தொப்பி இருந்தது. குமிழின் முன்னால் நின்றிருந்தவர் சிவசைலம். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதை நான் மறக்க மாட்டேன், சார்.”

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் பின்னால போனேன், டாக்டர். அவ்வளவுதான்.”

டாக்டருக்கு அது விளங்கவில்லை. சிரித்துவிட்டு மேலே போனார். சிவசைலம் மறுபடி குமிழில் கை வைத்தார். கரை போய்ச் சேரும்வரை நோயாளியின் தலை அதிரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பொன்னுலிங்கம் வெளியே வந்து நின்றார். ஜெசிந்தாவும் வந்தார்.

“ஒண்ணு கேக்கணும், சீஃப்.”

“கேளுங்க.”

“அவரு மேல இருக்குற கோபம் போகலை.”

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினார்.

“கையை எடுத்தப்ப போயிடும்னு நினைச்சேன். துடைச்சுவிட்டப்பகூட நினைச்சேன், இதோட தீர்ந்துதுன்னு. இப்ப உள்ளே பார்த்தா அப்படியே இருக்கு. ஒரு வார்த்தை நேர்ல வந்து சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். வடிவு முகத்தை நினைச்சா வயிறு எரியுது.” அவர் குரல் இறங்கியது. “அப்ப நான் செஞ்சதுக்கு என்ன அர்த்தம்? வெறும் வேஷம்தானே?”

ஜெசிந்தா எஞ்சின் ஹாலின் கனமான கதவைத் திறந்தார். சத்தம் முகத்தில் அறைந்தது. பொன்னுலிங்கம் பின்னால் போனார்.

இடது எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, கையை வைக்கும்படி சைகை காட்டினார். பொன்னுலிங்கம் அதன் இரும்பு உடம்பில் உள்ளங்கையைப் பதித்தார். அதிர்வு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை ஏறியது. பல் கிட்டியது.

அடுத்து வலது எஞ்சினுக்குக் கூட்டிப்போனார். பொன்னுலிங்கம் அதை ஒருநாளும் தொட்டதில்லை. தயங்கி, கை வைத்தார்.

கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஜெசிந்தாவின் காதருகே குனிந்து கத்தினார்.

“ரெண்டும் முன்ன மாதிரியே நடுங்குது, சீஃப்! ஒரு துளிகூடக் குறையலை!”

“ஆமா” என்று ஜெசிந்தாவும் கத்தினார். “மேல சவரிமுத்து தூங்குறாரு.”

பொன்னுலிங்கம் கையை எடுக்கவில்லை.